பத்து ஜிபி எங்கே போனது?

கேள்வி: ஒன்பது பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. இயந்திர உதிரிபாகங்கள் விற்கிறோம். வேர்ட்பிரஸில் செய்த இணையதளம், ஆளுக்கொரு மெயில் முகவரி எல்லாமே ஒரே ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் இருக்கின்றன. டிஸ்க் 10 ஜிபி, பேண்ட்வித் மாதம் 20 ஜிபி. போன மாதம் டிஸ்க் நிரம்பி, வாடிக்கையாளர்கள் அனுப்பிய மெயில்கள் அவர்களிடமே திரும்பிப் போயின. தளத்திலிருந்து நூற்றுக்கணக்கான பழைய படங்களை அழித்தேன். 400 எம்பிதான் மிச்சமானது. அதுவும் சில வாரங்களில் நிரம்பிவிட்டது. பாதி மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பேண்ட்வித் 90 சதவீதம் தீர்ந்ததாக எச்சரிக்கை வருகிறது. அத்தனை பேர் எங்கள் தளத்துக்கு வருவதே இல்லை. மாதத் தொடக்கத்தில் 1,200 வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விலைப்பட்டியலும் பலருக்கு ஸ்பேமில் போய் விழுகிறது. ஹோஸ்டிங்காரர்கள் ‘அன்லிமிடெட்’ திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறிவிடலாமா?

பின்குறிப்பு: விலைப்பட்டியல் 5 எம்பி அளவுள்ள பிடிஎஃப். அவுட்லுக்கில் 50 முகவரிகளை பிசிசியில் போட்டு, பகுதி பகுதியாக அனுப்புகிறோம்.

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். நீங்கள் மூன்று தனித்தனிப் பிரச்சினைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ மூன்றுக்கும் பெரும்பகுதிக் காரணம் உங்கள் பின்குறிப்பிலேயே இருப்பதாகத் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்னஞ்சல் என்பது ஆதியில் வெறும் எழுத்துகளை மட்டும் கொண்டுபோவதற்காக உருவானது. பிடிஎஃப், படம் போன்றவற்றை அனுப்ப வேண்டுமென்றால் அவற்றை முதலில் எழுத்துகளாக மாற்றியாக வேண்டும். அந்த முறைக்கு பேஸ்64 என்று பெயர். மூன்று பைட் தகவல் நான்கு எழுத்தாகிறது. வரி முறிப்புகளும் சேர்ந்தால் கோப்பு ஏறக்குறைய 37 சதவீதம் ஊதிவிடும். ஆக, உங்கள் 5 எம்பி விலைப்பட்டியல் மெயிலில் ஏறியதும் 6.8 எம்பி. 1,200 பேருக்கு ஐம்பது ஐம்பதாக அனுப்பினால் 24 மெயில்கள். அவுட்லுக் ஐமேப் முறையில் (மெயில்கள் சர்வரிலேயே இருக்க, எல்லாக் கருவிகளும் அதையே பார்க்கும் முறை) இணைந்திருந்தால், அந்த 24-க்கும் ஒவ்வொரு பிரதி சர்வரில் உள்ள ‘சென்ட்’ ஃபோல்டரில் போய் உட்காரும். மாதம் 163 எம்பி. வருடத்துக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வருடமாக இப்படி அனுப்பிக்கொண்டிருந்தால், உங்கள் பத்து ஜிபியில் ஆறு ஜிபி ஒரே ஆளின் சென்ட் ஃபோல்டரில், ஒரே மாதிரியான விலைப்பட்டியலின் பிரதிகளாக இருக்கும். தளத்தின் படங்களை எவ்வளவு அழித்தாலும் அது குறையப்போவதில்லை.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், அளந்தே பார்த்துவிடுங்கள். உங்கள் ஹோஸ்டிங்கில் சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கைப் பிரவுசரிலேயே நிர்வகிக்கும் பலகை) இருந்தால் ‘டிஸ்க் யூசேஜ்’ என்ற பக்கம் இருக்கும். அதில் ‘மெயில்’ என்ற ஃபோல்டரும் ‘பப்ளிக் ஹெச்டிஎம்எல்’ என்ற ஃபோல்டரும் எவ்வளவு எடுத்திருக்கின்றன என்று பாருங்கள். முதலாவது அஞ்சல், இரண்டாவது இணையதளம். சிறு நிறுவனங்களின் கணக்குகளில் பெரும்பாலும் அஞ்சல்தான் முன்னால் நிற்கும். தளம் வருடத்துக்கு ஒருமுறை வளர்கிறது. அஞ்சல் தினமும் வளர்கிறது. ஆனால் ‘இடம் போதவில்லை’ என்றதும் எல்லோரும் கை வைப்பது தளத்தின் படங்களில். கண்ணில் படுவது அதுதானே.

இடம் நிரம்பிய நிலையில் முதலில் செய்ய வேண்டியது, ஒரு ஜிபியாவது உடனே காலியாக்குவது. டிஸ்க் முழுக்க நிரம்பியிருக்கும்போது வேர்ட்பிரஸ் அப்டேட் எதையும் தொடாதீர்கள். பாதியில் நின்றால் தளமே விழுந்துவிடும். ஒன்பது பெட்டிகளிலும் ‘ட்ராஷ்’, ‘ஸ்பேம்’ ஃபோல்டர்களைக் காலி செய்யுங்கள். ஐமேப்பில் ஒரு மெயிலை அழித்தால் அது ட்ராஷுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். சர்வரில் ஒரு பைட்டும் குறையாது. சிபேனலின் ஃபைல் மேனேஜரிலும் இதே கதைதான். அங்கே அழித்த கோப்புகள் தனியாக ஒரு குப்பை ஃபோல்டரில் கிடக்கும். நீங்கள் அழித்த படங்களில் பாதி இன்னும் அங்கேயே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

திரும்பிப் போன மெயில்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி நிரம்பியிருக்கும்போது சர்வர் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். நான்கில் தொடங்கும் எண் என்றால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று பொருள். அனுப்பிய சர்வர் அதை வரிசையில் வைத்துக்கொண்டு, பொதுவாக நான்கைந்து நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஐந்தில் தொடங்கினால் ‘முடியவே முடியாது’. அந்த மெயில் உடனே அனுப்பியவரிடம் திரும்பும். இரண்டாவது வகையில் போனவை தானாக வராது. உங்களுக்குப் புகார் வந்த வாடிக்கையாளர்களிடம் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுவதுதான் வழி.

சரி, இப்போது நிதானமான சுத்தம். சிபேனலில் ‘ஈமெயில் டிஸ்க் யூசேஜ்’ என்றொரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு இடம் எடுக்கிறது என்று காட்டும். ஒரு வருடத்துக்கு மேல் பழையவை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரியவை என்று தேர்ந்தெடுத்து மொத்தமாக அழிக்கவும் முடியும். அங்கே அழித்தால் ட்ராஷ் எல்லாம் கிடையாது, போனது போனதுதான். அதனால் அழிப்பதற்கு முன், வேண்டிய பழைய மெயில்களை ஒரு கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அவுட்லுக்கில் பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். தண்டர்பேர்டில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற பகுதிக்கு இழுத்துப் போடலாம். இறக்கிய கோப்பை இன்னொரு டிஸ்கிலும் நகலெடுத்து வையுங்கள். ஐமேப்பில் சர்வரில் அழித்தது ஃபோனிலும் லேப்டாப்பிலும் சேர்ந்தே அழியும். ‘என் கணினியில் இருக்கிறதே’ என்று நம்பி சர்வரில் அழித்துவிட்டு, மறுநாள் கணினியைத் திறந்து திகைத்தவர்கள் நிறைய.

அடுத்து, யாரும் திறந்தே பார்க்காத ஒரு பெட்டி. ஹோஸ்டிங் கணக்கின் பெயரிலேயே ஒரு முதன்மை அஞ்சல் பெட்டி இருக்கும். உங்கள் டொமைனில் இல்லாத பெயர்களுக்கு வரும் மெயில்களையெல்லாம் அதில் கொண்டுபோய்ப் போடும்படி ‘டிஃபால்ட் அட்ரஸ்’ அமைப்பு இருந்தால், ஸ்பேம் அனுப்புபவர்கள் வாய்க்கு வந்த பெயர்களைப் போட்டு அனுப்புவது அத்தனையும் அங்கே சேரும். அந்த அமைப்பை ‘பெறாமல் பிழைச் செய்தியோடு நிராகரி’ என்று மாற்றுங்கள். அதே பெட்டிக்கு க்ரான் வேலைகளின், அதாவது சர்வர் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வேலைகளின், அறிக்கைகளும் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு க்ரான், ஓடும்போதெல்லாம் ஒரு மெயில் அனுப்பினால் ஒரு நாளைக்கு 288, வருடத்துக்கு 1,05,120 மெயில்கள். ஒவ்வொன்றும் இரண்டே வரிதான். ஆனால் சர்வர் அஞ்சலைச் சேமிக்கும் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனிக் கோப்பு. கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் டிஸ்கில் குறைந்தது 4 கேபி பிடிக்கும். இதிலேயே 400 எம்பிக்கு மேல் இடம் போய்விடும். நீங்கள் படங்களை அழித்து மிச்சம் பிடித்த அதே அளவு.

இதைவிடப் பெரிய தொல்லை கோப்புகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரில் ஓர் ஐநோட் (கோப்பின் விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவு) செலவாகிறது. ஹோஸ்டிங்காரர்கள் இதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டால் ஜிபி கணக்கில் இடம் இருந்தாலும் புதிய கோப்பு எதையும் உருவாக்க முடியாது, அதாவது புதிய மெயிலும் வராது. ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்கு நான் தயங்குவது இதனால்தான். அந்தத் திட்டங்களின் விதிமுறைகளைப் பொறுமையாகப் படித்தால் ஐநோட் இத்தனை, ஒரு பெட்டிக்கு இத்தனை, மணிக்கு அனுப்பும் மெயில் இத்தனை என்று வரம்புகள் வரிசையாக வரும். ‘நியாயமான பயன்பாடு’ என்ற வரியும் எங்காவது இருக்கும். பணம் கட்டும் முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: ஐநோட் வரம்பு என்ன, பேக்கப் எடுப்பதை எந்த அளவுக்கு மேல் நிறுத்திவிடுவீர்கள்? கணக்கு ஓர் அளவைத் தாண்டினால் தானியங்கி பேக்கப்பில் சேர்க்காத நிறுவனங்கள் உண்டு. வாடிக்கையாளருக்கு அது தெரியவருவது பேக்கப் தேவைப்படும் நாளில்தான்.

தளத்தின் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேக்கப் ப்ளகின்கள் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல்கள்) தாங்கள் எடுக்கும் பிரதிகளை அதே ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸின் உள்ளடக்க ஃபோல்டருக்குள் குவித்து வைக்கும். அவற்றை இறக்கிக்கொண்டு அழியுங்கள். இனிமேல் எடுப்பது வேறு இடத்துக்குப் போகும்படி மாற்றுங்கள். சர்வரோடு சேர்ந்து போகப்போகும் பிரதியை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘எரர் லாக்’ என்ற கோப்பு ஜிபி கணக்கில் வளர்ந்திருந்தால் அழிக்கலாம், ஆனால் எந்த ப்ளகின் அதில் எழுதிக்கொண்டே இருக்கிறது என்று கடைசிச் சில வரிகளைப் படித்துவிட்டு அழியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி அதே அளவுக்கு வளர்ந்து நிற்கும். படங்களில் ஒன்று கவனிக்க வேண்டும்: நீங்கள் ஏற்றும் ஒரு படத்துக்கு வேர்ட்பிரஸ் பல அளவுகளில் பிரதிகள் செய்கிறது. 2019-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, மிகப் பெரிய படங்களை 2560 பிக்சலுக்குச் சுருக்கி அதைத்தான் காட்டுகிறது, ஆனால் மூலப் படத்தையும் சர்வரிலேயே வைத்திருக்கிறது. கேமராவிலிருந்து எடுத்ததை அப்படியே ஏற்றாமல், ஏற்றும் முன்பே சுருக்கிவிட்டால் அந்தப் பெரிய மூலப் படத்துக்கான இடம் மிச்சம்.

பேண்ட்வித்துக்கு வருவோம். ஹோஸ்டிங் விளம்பரத்தில் பேண்ட்வித் என்று போட்டிருப்பது வேகம் அல்ல, ஒரு மாதத்தில் உங்கள் கணக்கின் வழியாகப் போய்வரும் மொத்தத் தகவல். தளத்தைப் பார்ப்பவர்கள் மட்டும்தான் அதைச் செலவழிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். சிபேனலின் பேண்ட்வித் பக்கத்தைத் திறந்தால் இணையம், எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்புவது), ஐமேப், பாப் (அஞ்சல் பெறுவது), எஃப்டிபி (கோப்பு ஏற்றி இறக்குவது) என்று பிரித்தே காட்டும். அஞ்சலும் அதே கணக்கில்தான் கழிகிறது.

அந்த விலைப்பட்டியலை மறுபடி எடுங்கள். 6.8 எம்பி, 1,200 பேர்: 8 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். உங்கள் மாத ஒதுக்கீட்டில் ஐந்தில் இரண்டு பங்கு, மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில். இது மேல்வரம்புதான், ஒரே சேவையில் இருக்கும் பல முகவரிகளுக்கு அஞ்சல் சர்வர் ஒரே பிரதியாக அனுப்பவும் கூடும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையலாம். ஆனால் அந்த 24 மெயில்களும் உங்கள் அலுவலகத்திலிருந்து சர்வருக்கு ஒருமுறை ஏறுகின்றன, சென்ட் ஃபோல்டரில் சேமிக்க இன்னொருமுறை ஏறுகின்றன, அனுப்பியவரின் லேப்டாப்பும் ஃபோனும் அந்த ஃபோல்டரை ஒத்திசைத்தால் மறுபடி இறங்குகின்றன. யாராவது புதிய லேப்டாப் வாங்கி அஞ்சல் கணக்கைச் சேர்த்தால் மொத்தப் பெட்டியும் ஒருமுறை இறங்கும். பெட்டி 4 ஜிபி என்றால் அன்றைக்கு மட்டும் 4 ஜிபி செலவு. இதெல்லாம் தளத்தின் பார்வையாளர் எண்ணிக்கையில் எங்கே தெரியப்போகிறது?

இணையப் பகுதியே அதிகம் காட்டினால் காரணம் வேறு. தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் ஆக்சஸ் லாக்கையோ, அதைத் தொகுத்துக் காட்டும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் அறிக்கையையோ பாருங்கள். இப்போதெல்லாம் சிறு தளங்களுக்கு மனிதர்களைவிட பாட்கள் (தளங்களைத் தானாகப் படிக்கும் நிரல்கள்) அதிகம் வருவது சகஜம். தேடுபொறிகள், எஸ்இஓ கருவிகள், அண்மைக் காலமாக ஏஐ நிறுவனங்களின் பாட்கள். வேண்டாதவற்றை ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கலாம். ஒழுங்கான பாட்கள் அதை மதிக்கும். மதிக்காதவற்றை சர்வர் அளவில் தடுக்க வேண்டும். உங்கள் பொருட்களின் படங்களை வேறு தளங்கள் உங்கள் சர்வரிலிருந்தே நேரடியாக எடுத்துக் காட்டுகின்றனவா என்றும் பாருங்கள். சிபேனலில் ‘ஹாட்லிங்க் ப்ரொடெக்‌ஷன்’ அதற்குத்தான். கூகுள் படத்தேடலைத் தவறுதலாக அடைத்துவிடாமல் போடுங்கள். பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப்பும், பார்ப்பவர் கணினியிலேயே ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும் பிரவுசர் கேஷும் இயங்குகின்றனவா என்று ஹோஸ்டிங்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, ஸ்பேம். ஐம்பது பேரை பிசிசியில் போட்டு, பெரிய இணைப்போடு, ஒரே வாசகத்தை அடுத்தடுத்து 24 முறை ஒரு ஷேர்டு சர்வரிலிருந்து அனுப்புகிறீர்கள். ஸ்பேம் அனுப்புபவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். வடிகட்டியைக் குறைசொல்ல முடியாது. தவிர, ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியிலிருந்து பல நிறுவனங்களின் மெயில் போகிறது. அதில் ஒருவர் தளம் ஹேக் ஆகி ஸ்பேம் அனுப்பினாலும் கெட்ட பெயர் எல்லோருக்கும்.

பிடிஎஃப்பை இணைக்காதீர்கள். உங்கள் தளத்தில் ஏற்றிவிட்டு, மெயிலில் அதற்கான லிங்க் மட்டும் கொடுங்கள். வேண்டியவர் மட்டும் இறக்கிக்கொள்வார். 300 பேர் திறந்தால் 1.5 ஜிபி, எட்டு ஜிபி எங்கே, இது எங்கே. மெயிலின் அளவு சில கேபிதான் என்பதால் சென்ட் ஃபோல்டரும் ஊதாது. விலையில் திருத்தம் வந்தால் தளத்திலுள்ள ஒரே கோப்பை மாற்றினால் போதும் என்பது கூடுதல் லாபம். அனுப்புவதையும் அவுட்லுக்கிலிருந்து எடுத்துவிட்டு, மொத்த மெயில் அனுப்புவதற்கென்றே இருக்கும் சேவை ஒன்றின் வழியாகச் செய்யுங்கள். திரும்பி வரும் செத்த முகவரிகளை அது தானே பட்டியலிலிருந்து நீக்கும். ‘இனி வேண்டாம்’ என்பவர்களுக்கு விலகும் வழியும் கொடுக்கும்.

டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான பொதுப் பதிவேடு) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று, மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களிடம் மூன்றையும் கேட்கிறது. குறைவாக அனுப்புபவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். நீங்கள் 1,200 பேர்தான் என்றாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். புதிய சேவை ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போவது அடிக்கடி பார்க்கும் பிழை. இரண்டு இருந்தாலே சோதனை பிழையாகிவிடும். இருக்கும் பதிவுக்குள்ளேயே புதிய சேவையைச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் உங்கள் பத்து ஜிபி போதும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் என் யோசனை, பணம் செலவழிப்பதாக இருந்தால் பெரிய ஹோஸ்டிங்குக்குச் செலவழிக்காமல், அஞ்சலைத் தனியாகப் பிரிப்பதற்குச் செலவழியுங்கள் என்பதுதான். தளம் அப்படியே இருக்கட்டும். ஒன்பது பெட்டிகளும் அஞ்சலுக்கென்றே இருக்கும் சேவைக்குப் போகட்டும். அதன்பிறகு ஒரு ப்ளகின் பைத்தியம் பிடித்து டிஸ்க்கை நிரப்பினாலும் ஆர்டர் மெயில் நிற்காது. தளம் ஹேக் ஆனாலும் மெயில் ஓடும்.

மாற்றுவது பயப்படும் வேலையல்ல. முதலில் சுத்தம் செய்யுங்கள், குப்பையையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும். புதிய சேவையில் அதே பெயர்களில் பெட்டிகள் திறந்து, ஐமேப்சிங்க் போன்ற கருவியால் பழைய மெயில்களை நகலெடுங்கள். டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவின் (உங்கள் அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) டிடிஎல் மதிப்பை (மற்ற சர்வர்கள் அந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்பது) ஒரு நாள் முன்பே 300 விநாடியாகக் குறைத்துவிட்டு, மறுநாள் எம்எக்ஸ்ஸைப் புதிய சேவைக்குத் திருப்புங்கள். எஸ்பிஎஃப்பில் அதைச் சேருங்கள். ஓரிரு நாள் கழித்து நகலெடுக்கும் கருவியை இன்னொருமுறை ஓட்டினால் இடையில் பழைய பெட்டிக்கு வந்தவையும் சேர்ந்துவிடும்.

ஒரே ஓர் இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எம்எக்ஸ்ஸை மாற்றினாலும், ‘இந்த டொமைனின் அஞ்சல் என்னிடம்தான் இருக்கிறது’ என்று பழைய ஹோஸ்டிங் சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும். தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து வரும் விசாரணைகள் வெளியே போகாமல் அங்கேயே பழைய பெட்டியில் விழும். வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் ஒழுங்காக வருவதால் யாருக்கும் சந்தேகமே வராது. சிபேனலில் ‘ஈமெயில் ரவுட்டிங்’ என்ற பக்கத்துக்குப் போய் ‘ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்’ என்று மாற்றுங்கள். மாற்றியதும் உங்கள் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். புதிய பெட்டியில் வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது. பழைய பெட்டிகளை மட்டும் உடனே அழிக்காமல் ஒரு மாதம் விட்டுவைத்து, கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள்.